உப்புப் போட்ட ஐஸ்

அன்று காலை அடையாறு கிளினிக்கின் ஊசி போடும் அறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் அண்ணன், ஊசி போடும் சிஸ்டர். நாலே பேர். அண்ணன் மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருந்தது. யாருக்காக அங்கே கூடியிருந்தோமோ அந்த என் தம்பி அங்கே இல்லை. அவன் தேனாம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவு போட்ட அறையில், உடம்பில் ரத்தம் ஊறும் இடத்தையெல்லாம் மருந்து கொடுத்துக் காலி செய்த பிறகு, என் ரத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

இருந்தவர்களை இப்படிக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு எங்கள் சொந்தத்தில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். சிஸ்டர்தான் மருந்தைக் கெடுத்தாள் என்றார் ஒருவர். நான் பயந்துபோய்க் குப்பியைத் தட்டிவிட்டேன் என்றார் இன்னொருவர். அவர்கள் யாரும் அங்கே இல்லை. நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் பார்த்தோம்.

நான் பிறந்தது ஊரூர் ஒல்காட் குப்பத்தில். எட்டாவது படிக்கும்போது பாதி வருஷத்தில் அம்மா செத்துப்போய்விட்டாள். தம்பி அப்போது கைக்குழந்தை. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டவள்தான், பிறகு அந்தப் பையை இறக்கவே இல்லை. அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். கொஞ்ச காலம் அப்பாவோடு கடலுக்குப் போனார். அப்புறம் கரையிலேயே மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வெளியூருக்குப் பெட்டி அனுப்பும் வியாபாரத்துக்கு வந்துவிட்டார். நான் கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து எனக்குப் புடவைகள் வரும். வீட்டிலேயே ஃபால் தைத்து ஓரம் அடித்துக் கொடுக்கிறேன்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். மழை பெய்தால் ஆட்டோ எங்கே மாட்டியதோ என்று நாலு தடவை போன் செய்வேன். தம்பிக்குத் தும்மல் வந்தால் எனக்குத் தூக்கம் போகும். வீட்டில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை. "அக்கா ஆரம்பிச்சிடுச்சிடா" என்று தம்பியே சிரிப்பான். எப்போதும் பயப்படுகிறவள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு வருகிற கோபத்தில் பாதி இதனால்தான். அதையும் யாரிடம் சொல்வது?

தம்பி பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். ஈறில் ரத்தம் வந்தது, தொடையில் ஊதா ஊதாவாகத் திட்டு வந்தது. பார்த்த அன்றே டாக்டரிடம் போகலாம் என்றேன். "பைக்ல இடிச்சிருக்கும்க்கா" என்றான். கடைசியில் டாக்டரிடம் போனபோது ரத்தப் புற்று என்றார்கள். மருந்து கொடுத்து ஒருவழியாகக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அது திரும்பி வரும், கூடப் பிறந்தவர்களிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்து வைத்தால்தான் நிற்கும் என்றார்கள். அண்ணனுக்கும் எனக்கும் சோதனை செய்தார்கள். எனக்குப் பொருந்தியது. அண்ணனுக்குப் பொருந்தவில்லை.

அதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். "நான் மூத்தவன். எனக்கு எப்டி பொருந்தாம பூடும்? இன்னொரு வாட்டி டெஸ்ட்டு எட்த்துப் பாக்கச் சொல்லு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இதுல மூத்தவர், இளையவர் எல்லாம் இல்லைங்க. அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி வருது. உங்களுக்கு வந்த பாதி வேற, தம்பிக்கு வந்த பாதி வேற." அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் அது மண்டையில் இறங்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதே டாக்டரம்மாதான் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். எலும்பைத் தோண்டப் போவதில்லை, ரத்ததானம் மாதிரிதான் என்றார். எனக்கு அது புரியவில்லை. செல் இருப்பது எலும்புக்குள் என்றால் ரத்தத்தில் எப்படிக் கிடைக்கும்?

"எலும்பு மஜ்ஜைக்குள்ள ரத்தம் உண்டாக்கற செல் இருக்குல்ல, அதுதான் ஸ்டெம் செல். அது சும்மா அங்க கிடக்கலைம்மா. மஜ்ஜையில அதைச் சுத்தி இருக்கற மத்த செல்லெல்லாம் ஒரு ரசாயனத்தை விட்டுக்கிட்டே இருக்கும். அந்த ரசாயனம் எங்க அதிகமோ அங்கயே இது ஒட்டிக்கிட்டு நிக்கும். நாங்க உங்களுக்கு ஒரு ஊசி போடுவோம். அது போட்டா அந்த ரசாயனம் குறையும். பிடி தளரும். செல் ரத்தத்துக்கு வரும். வந்த நேரமாப் பார்த்து மெஷின்ல பிரிச்சு எடுத்துக்குவோம்."

"எடுக்கலைன்னா?"

"திரும்ப எலும்புக்கே போயிடும்."

"சரி, தம்பி உடம்புல ஏத்துனதுக்கு அப்புறம், இதுதான் எலும்புன்னு அதுங்களுக்கு யாரு சொல்லுவா டாக்டர்? கையில தானே ஏத்துறீங்க?"

டாக்டரம்மா சிரித்தார். "அதே ரசாயனம்தான் சொல்லும். உங்க தம்பியோட பழைய செல்லையெல்லாம் மருந்து அழிச்ச பிறகு அவர் எலும்பு அதை இன்னும் அதிகமா விடும். ரத்தத்தோட சுத்திக்கிட்டு வர்ற உங்க செல்லு அதை உணர்ந்து, ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி, உள்ளே போய் உட்காரும்."

"எல்லாமே போயிடுமா?"

"எல்லாம் போகாது. நுரையீரல்ல, மண்ணீரல்ல கொஞ்சம் மாட்டிக்கும். அதனாலதான் நிறைய வேணும்."

அந்தக் கடைசி வார்த்தை என் தலையில் ஆணி அடித்தது போல் நின்றது. நிறைய வேணும். தம்பிக்குக் கடுமையான மருந்தை ஆரம்பித்துவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பழையது அழிந்திருக்கும். புதியது போய்ச் சேராவிட்டால் அவனுக்கு என்று சொந்தமாக ஒரு சொட்டு ரத்தம் ஊறாது. வீட்டுக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தேன். என் செல்தானே, என்னை மாதிரியே பயந்து மண்ணீரலிலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒரு பட்டுப்புடவையில் ஃபாலைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு முழுவதையும் பிரித்தேன்.

பெரிய செலவை அரசுக் காப்பீடும் ஒரு தர்ம நிதியும் பார்த்துக்கொண்டன. எனக்குப் போடும் ஊசி மருந்து மட்டும் எங்கள் பொறுப்பு. அதை அண்ணன் கையில் எடுத்துக்கொண்டார். தெரிந்த மருந்துக் கடையில் சொல்லி மொத்தமாகச் சல்லிசாக வாங்கினார். முதல் நாள் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். மற்றதை வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம், மருந்தைக் குளிர்ச்சியில் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் அந்த வாரம் கேபிள் தோண்டுகிறோம் என்று மின்சாரம் போய்ப் போய் வந்தது. என் ஃபிரிட்ஜோ கிழடு. குப்பத்துக்கும் எனக்கும் நடுவில் அடையாறு கிளினிக் தோதாக இருந்தது. அண்ணன் சொன்னார்:

"எங்கிட்ட குடு. ஐஸு பத்தி எனக்குத் தெரியாததா? காலைல நானே எட்த்துக்கினு வந்துடறேன்."

"ஃபிரிட்ஜ்ல வெச்சா போதும்ண்ணா. ஃப்ரீசர்ல வெக்கக்கூடாதுன்னாங்க."

"ஃப்ரீசர்லயா வெக்கப் போறேன்? கடைக்காரன் ஐஸ்ல வெச்சு எட்த்துக்கினு போன்னு என்னாண்ட சொல்லிக்கீறான். நீ போய் ரெஸ்ட்டு எடு. சும்மா பயந்துக்கினே கெடக்காத."

நான் பயந்துகொண்டேதான் கிடந்தேன். அன்று சாயந்திரமே இடுப்பெலும்பு வலிக்க ஆரம்பித்தது. நெஞ்சு நடுவில் இருக்கிற எலும்பு, முதுகின் அடி, தொடை எல்லாம் உள்ளே எதுவோ பிடுங்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி வலி. டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார்: வலித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால் வலித்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் வலியைப் பார்த்து நான் பயப்படாமல் இருந்த ஒரே நாள் அதுதான்.

மறுநாள் அண்ணன் சட்டைப்பையில் மருந்தைக் கொண்டுவந்தார். சிஸ்டர் போட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வலி குறைந்தது. மூன்றாம் நாள் சாயந்திரம் சுத்தமாக இல்லை. தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இன்னாய்யா இது, வலியே காணோம்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வலிச்சாலும் பொலம்புற. வலிக்கலைன்னாலும் பொலம்புற. உனக்கு இன்னாதான்மா வேணும்?"

"டாக்டருக்கு ஒரு போன் போடட்டா?"

"நேத்துதான் போட்ட. முந்தாநேத்தும் போட்ட. அந்தம்மா உன் நம்பர பாத்தாலே போன கீழ வெச்சிடும்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "பழகிடுச்சும்மா உடம்புக்கு. சாப்ட்டு தூங்கு" என்றார். இரண்டு பேரிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்தால் பயந்தவள் என்ன செய்வாள்? வாயை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டேன்.

இப்போது நான் முதலில் சொன்ன காலைக்கு வருகிறேன். அது நாலாம் நாள். அன்று அண்ணன் தாமதமாக வந்தார். சட்டைப்பையில் இல்லை, பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். மடியில் வைத்து மூடியைத் திறந்தார். பொடித்த ஐஸ், விளிம்பு வரைக்கும். கையை முழங்கை வரை விட்டுத் துழாவி, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, லுங்கியில் துடைத்துச் சிஸ்டரிடம் நீட்டினார். சிஸ்டர் குப்பியை எடுத்து டியூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தாள். குலுக்கினாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"அண்ணே, இது கட்டியா இருக்கே."

"கொஞ்சம் கையில வெச்சினு இரு. ரெண்டு நிமிசத்துல உருகிடும்."

அவள் அடுத்த குப்பியை எடுத்தாள். அதன் அடியில் மெல்லிசாக ஒரு கீறல். கண்ணாடி விட்டிருந்தது.

"அண்ணே, நேத்து, முந்தாநாள் கொண்டாந்தது எல்லாம் எப்படி இருந்துச்சு?"

"இதே மாதிரிதான். பாக்கெட்டுல போட்டுக்கினு வந்தா உருகிடும். இன்னிக்கு லேட்டாயிடுச்சு, அதான் அப்டியே தூக்கினு வந்தேன்."

வீட்டுக்காரர்தான் குனிந்து பெட்டிக்குள் விரலை விட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

"மச்சான், உப்பு போட்டியா?"

"பின்ன? வெறும் ஐஸ்ல வெச்சா குளுரு பத்தாது. வஞ்சிரம் பெருசு, வெளியூருக்குப் போற மால், அதுக்குத்தான் நான் உப்பு தூவி வெப்பேன். நண்டுக்குக்கூட வெக்க மாட்டேன்."

பெருமையாகச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திருட்டுத்தனம் செய்திருந்தால்கூட நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். அவர் கையில் இருந்ததிலேயே உசத்தியான பாதுகாப்பை அந்த மருந்துக்குக் கொடுத்திருக்கிறார். உப்புப் போட்டால் ஐஸ் சாதாரண ஐஸைவிட இன்னும் குளிரும். மீன் கெடாது. மருந்து உறைந்து செத்துப்போகும். இரண்டு நாளாக எனக்குப் போட்டது ஊசி இல்லை, வெறும் தண்ணீர்.

"யாரக் கேட்டு உப்பு போட்ட? யாரக் கேட்டுண்ணா போட்ட?"

"இன்னாத்துக்குமே கத்துற? முப்பது வருசமா ஐஸ்ல கைய வெச்சிக்கினு கீறேன். எனக்கு நீ கத்துக்குடுக்கறியா?"

"அவன் அங்க காலியா படுத்துக்கீறான்! உள்ள ஒண்ணும் இல்ல அவனுக்கு! நான் வலிக்கலைன்னு சொன்னப்போ தூங்குன்னியே, நீ தூங்குனியா?"

"ஐஸ்ல வைன்னாங்கோ. வெச்சேன். ஐஸ்ல வெக்காதேன்னு சொல்லியிருந்தா வெச்சிருப்பேனா?"

சிஸ்டர் எழுந்து நடுவில் நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வயசு இருபத்தைந்துகூட இருக்காது. "சண்டையை அப்புறம் போடுங்க. முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க. நீங்க போடுங்கக்கா, நீங்க போட்டா எடுப்பாங்க" என்றாள். முதல் அழைப்பிலேயே எடுத்தார்கள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டது என் பெருந்தன்மை.

ஆட்டோவில் நேராக ஆஸ்பத்திரி. புது மருந்து வாங்கிப் போட்டார்கள். மறுநாள் காலை ரத்தத்தில் எத்தனை செல் வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். டாக்டரம்மா அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தார். எனக்கு அது போதும். பேச வேண்டியதே இல்லை.

"குறைவா இருக்கு. ஆனா இன்னைக்கு ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகிறது, சுழன்று, வேண்டியதை அது எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கை வழியாகத் திருப்பித் தருகிறது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது. உதடு மரத்துப் போகிறது. மேலே தொங்கின பையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வாங்கடி, வந்து தொலைங்கடி என்று எனக்குள்ளேயே திட்டினேன். வெளியே வா என்று சொல்கிற மருந்தை இரண்டு நாள் கொடுக்காமல் விட்டுவிட்டு, இப்போது வாவென்றால் அதுகள் எப்படி வரும்? எலும்பு பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

பை போதவில்லை. தம்பிக்கு வேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

அப்போதுதான் இன்னொரு ஊசியைப் பற்றிச் சொன்னார் டாக்டரம்மா. முதல் ஊசி எலும்பில் அந்த ரசாயனத்தைக் குறைக்கிறது. இது வேறு வழி. ஸ்டெம் செல்லின் மேல் அந்த ரசாயனத்தை உணர்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அதையே போய் அடைத்துவிடும். எலும்பு எவ்வளவுதான் விட்டாலும் செல்லுக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் பிடியை விட்டுவிட்டு ரத்தத்துக்கு வந்துவிடும். சாயந்திரம் போட்டு, காலையில் மறுபடி மெஷினில் எடுக்க வேண்டும்.

"அப்புறம் தம்பி உடம்புல போயி அதுங்களுக்கு எலும்பு தெரியாம போயிட்டா?" என்றேன்.

"கொஞ்ச நேரந்தான் அடைச்சிருக்கும். அப்புறம் விட்டுடும். நல்ல கேள்விதான் கேட்டீங்க" என்றார். என் கேள்வியை நல்ல கேள்வி என்று அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. அந்த நிலைமையிலும் எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஊசி விலை அதிகம். மெஷினுக்கு இரண்டாம் தடவை புதிய குழாய்கள் மாட்ட வேண்டும், அதற்கும் தனிப் பணம். எந்த நிதியிலும் அது வராது. வராந்தாவில் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எவ்ளோ ஆனாலும் நான் தரேன். நீ போட்டுக்கோ. என் தப்புன்னு நீ நெனைக்கிறல்ல, நான் தரேன்." அந்த 'நீ நெனைக்கிறல்ல' என்பதை மட்டும் விட்டிருக்கலாம். 'என் தப்பு' என்று நிறுத்தியிருந்தால் நான் அன்றே காலில் விழுந்திருப்பேன்.

அவரிடம் அன்று பணம் இல்லை. எனக்கு அது தெரியும். தி. நகர் கடை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அழுகையில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

"எவ்வளவும்மா?"

சொன்னேன்.

"பையனை அனுப்புதேன். நீ ஆஸ்பத்திரியிலயே இரி. புடவையில மெதுவா கழிச்சிக்கிடலாம்."

சாயந்திரம் அந்த ஊசி. காலையில் மெஷின். இந்தத் தடவை பை நிறைந்தது. சிவப்பு என்றுகூடச் சொல்ல முடியாது; மங்கலான தக்காளி நிறம். தம்பியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கழுத்துக்குக் கீழே இருந்த குழாய் வழியாக ஏற்றினார்கள். மொட்டைத் தலையோடு உட்கார்ந்து பையைப் பார்த்தான். போனில் பேசினான்.

"இவ்ளோதானாக்கா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"வாய மூடிக்கினு ஏத்திக்கோ. வழியில எங்கயும் நிக்காதீங்கன்னு சொல்லு அதுங்களாண்ட."

"அண்ணன் எங்க?"

"வேலையா கீது. வரும்."

ஐஸ் விஷயத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நான்தான் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தேன். அந்த அறைக்குள் அவனுக்கு ஒரு கவலை போகக்கூடாது. கவலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். தினமும் ஒன்றும் இல்லை என்பார்கள். வாயெல்லாம் புண்ணாகி அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை. ஜுரம் வந்து போனது. என்னுடைய செல்கள் எங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன, எது நுரையீரலில் சிக்கியது, எது எலும்பைக் கண்டுபிடித்தது, யாருக்கும் தெரியாது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. நான் தையல் மிஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்தேன், எழுந்தேன், போன் செய்தேன், உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் அந்த நாட்களில் என்னை ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை. போனை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஒரு நாள் காலையில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டால் கெட்ட செய்தி என்று போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றேன். அவர் வந்து வாசலில் நின்று, "ஏறுதாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெள்ளை அணுக்கள் தலை காட்ட ஆரம்பித்திருந்தன. என்னுடையவைதான். போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டன.

தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். உள் அறையை வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, முகக்கவசம் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று வைத்திருந்தேன். அவனுடைய ரத்த வகை மெல்ல மெல்ல என் வகையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். "இனிமே நானும் உன்ன மாதிரி பயப்பட ஆரம்பிச்சிடுவனா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அண்ணன் வரவில்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, "அவரு கரைல கீறாரு" என்பாள். தம்பி தினமும் கேட்டான். நான் தினமும் பொய் சொன்னேன். பிறகு அலுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன், "வஞ்சிரத்துக்கு வெக்கிற மாதிரியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஒரு நாள் காலை குப்பத்துக்குப் போனேன். படகெல்லாம் கரையேறியிருந்தது, பெண்கள் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாக உடைத்தார்.

"இன்னாம்மா, துட்டுக்கு வந்தியா? சீசன் ஆவட்டும், தரேன்."

"அவன் உன்ன கேக்கறான்."

"வரேன்."

"எப்போ?"

"வரேன்னு சொல்றேன்ல."

"எம் ரத்தத்துல கீற கண்ணுக்குத் தெரியாத செல்லு, அதுக்கு அவன் எலும்பு எங்க கீதுன்னு தெரிஞ்சிச்சு. உனக்கு அடையாறு பாலம் எங்க கீதுன்னு தெரியலையா?"

சுற்றி இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் சுத்தியலைக் கீழே போட்டார்.

"அவன் மூஞ்ச எப்டிமே பாப்பேன்? சாவடிக்கவா வெச்சேன் நான்? என்னோடது பொருந்தலைன்னுட்டாங்கோ. எனக்குன்னு அவனுக்குச் செய்ய அது ஒண்ணுதான் இருந்திச்சு. அதையும் நான்…"

முழங்கையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததாலேயே கோபம் இரண்டு மடங்காக வந்தது. அன்று சாயந்திரம் வலிக்கலை என்று போன் செய்தவளை உட்காரவைத்து ஒரு தடவை, ஒரே தடவை, ஏன் என்று கேட்டிருந்தால் போதும். இப்போது அழுகிறார்.

"வந்து அவங்கிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அதே தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸில் பெரிய வஞ்சிரம், அதன் மேல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பணம். கட்டு கனமாகத்தான் இருந்தது. மீனை எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்துக் குழம்பு வைத்தேன். தம்பி இரண்டு துண்டு சாப்பிட்டான். பணத்தைப் பிரிக்காமல் அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் மறுபடி அனுப்பினார். மறுபடி திருப்பினேன்.

வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்கிறார். அண்ணாச்சி கடைக் கடனை நான் ராத்திரி பகலாக ஓரம் அடித்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன், வருகிற பணத்தை வேண்டாம் என்கிறேன். தம்பியும் "விடுக்கா" என்கிறான். விட மாட்டேன். ஆள் மூலம் வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்துவிடும். முடிந்தால் அவர் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அவரே பாலத்தைத் தாண்டி வந்து, கை கழுவி, முகக்கவசம் போட்டு, தம்பியின் முன்னால் உட்கார்ந்து, அவன் கையில் கொடுக்கட்டும். அதுவரை அண்ணன் எனக்குத் தரவேண்டிய பாக்கி, ஒரு ரூபாய்கூடக் குறையாமல், அறுபத்து எட்டாயிரத்து நானூறு ரூபாய்.